மிசாவோ எழுதித் தொங்கவிட்டது

மாமியார் இறந்த காலையில் சமையலறைச் சாமிமாடத்தின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டியது பக்கத்து வீட்டு ஹிசாயேதான். சாவு விழுந்த வீட்டுக்காரர்களின் கை அதில் படக் கூடாது. ஹிசாயே முக்காலியில் ஏறி, தாளின் நான்கு மூலைகளையும் அழுத்தி ஒட்டிவிட்டு இறங்கினாள்.

"அம்பது நாள். அதுவரைக்கும் சாமிக்கு நீங்க இல்ல, உங்களுக்குச் சாமி இல்ல. ஞாபகம் இருக்கட்டும், எந்தக் கோயில் தோரி வாசலுக்குள்ளயும் கால் வைக்கக் கூடாது."

"தெரியும்" என்றாள் மிசாவோ.

அந்தத் தாளைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது, சாமி இனிமேல் தன்னைப் பார்க்க முடியாது என்ற நிம்மதி. அடுத்துத் தோன்றியது, காஷிரோ கோயிலில் தான் தொங்கவிட்ட மரப்பலகையை எந்தத் தாளும் மூடியிருக்காது என்பது.

மிசாவோ மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. இருபத்தாறு வயதில் ஷிமோஹாமாவுக்கு மருமகளாக வந்தாள். அதுவரை கடலைப் படத்தில் பார்த்ததுதான். வந்த மறுவாரமே மீன் காயவைக்கும் களத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தட்டைமீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, உப்புநீரில் அலசி, வலையில் பரப்ப வேண்டும். இருபத்தொன்பது வருடம் அதைத்தான் செய்தாள். கணவன் தெய்ஜி துறைமுகத்து ஐஸ் ஆலையில் இருந்தான். வீட்டிலும் ஐஸ் ஆலையில் இருப்பவனைப் போலவே இருந்தான், அதிகம் பேசமாட்டான். பேச்சையெல்லாம் அவனுடைய அம்மா கினு எடுத்துக்கொண்டாள்.

கினுவின் வாய்க்கு ஊரே பயந்தது. மிசாவோ துண்டு மடிப்பதைப் பார்த்து, "உங்க மலையில கரடிக்கு இப்படித்தான் மடிச்சுக் கொடுப்பீங்களோ?" என்பாள். சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, "கடல்ல பாதிய ஊத்திட்ட போல. மீதி மீனுக்கு வேணாமா?" என்பாள். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. மிசாவோவுக்குக் குழந்தை தங்காமல் போன இரண்டு முறையும் ஊர்ப் பெண்கள் வாய் திறக்காதபடி பார்த்துக்கொண்டவள் அவள்தான். அதை மிசாவோ மறக்கவில்லை. சூப்பையும் மறக்கவில்லை.

கடைசி மூன்று வருடம் கினு படுக்கையில் கிடந்தாள். வாரம் இரண்டு முறை பகல் பராமரிப்பு நிலையத்து வண்டி வரும். கினு போகமாட்டாள். "அங்க எல்லாம் கிழடுங்க" என்பாள். அவளுக்கு எண்பத்தேழு. முதியோர் இல்லத்தில் வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள். மிசாவோ களத்து வேலையை விட்டாள். கினுவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் கட்டில் கம்பியில் மூன்று தட்டுத் தட்டுவாள். எப்போதும் மூன்றுதான். தண்ணீர் என்றாலும் மூன்று, கழிக்க வேண்டும் என்றாலும் மூன்று, ஜன்னலில் காகம் உட்கார்ந்திருக்கிறது என்றாலும் மூன்று. ஓர் இரவுக்கு நான்கைந்து முறை. மிசாவோவின் முட்டிகள் வீங்கின. அறுவை செய்துகொண்டு பத்து நாள் படுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

தெய்ஜியிடம் சொன்னபோது, "ம், பாக்கலாம்" என்று டிவியின் சத்தத்தைக் கூட்டினான். கினுவின் மகள் முத்சுமி அடுத்த ஊரில் இருந்தாள். அக்டோபர் ஏழாம் தேதி மிசாவோ அவளுக்குப் போன் செய்தாள்.

"பத்து நாள் போதும் முத்சுமி. பதினோராம் நாள் நானே வந்து கூட்டிட்டு வந்துடறேன்."

"ஐயோ அண்ணி, இந்த மாசமா பாத்துக் கேக்கறீங்க. வீட்ல தரையில பதிச்ச பாய் மாத்தறாங்க. தரையெல்லாம் பேத்துப் போட்டிருக்கு. அம்மாவ எங்க படுக்க வைக்கறது, நீங்களே சொல்லுங்க."

மறுநாள் மிசாவோ காஷிரோவுக்குப் பஸ் ஏறினாள்.

காஷிரோ மேட்டில் இருக்கும் கோயில் உறவை அறுத்துவிடும் கோயில். குடிகாரப் புருஷன், விடாத காதலன், போகாத நோய், சூதாட்டம், எதுவாக இருந்தாலும் அதனோடுள்ள பந்தத்தை அந்தச் சாமி அறுத்துவிடும் என்பார்கள். உள்ளூர்க்காரர்கள் அங்கே போக மாட்டார்கள், யாராவது பார்த்துவிட்டால் வம்பு. வருகிறவர்கள் எல்லாம் வெளியூர். சின்ன மரப்பலகை வாங்கி, வேண்டுதலை எழுதி, மரச்சட்டத்தில் தொங்கவிட வேண்டும். எழுதியதை மறைக்க வெள்ளை ஒட்டுத்தாளும் விற்றார்கள். மிசாவோ அதை வாங்கவில்லை. ஒட்டி மறைத்தால் சாமி எப்படிப் படிக்கும் என்று அவளுக்கு உண்மையாகவே சந்தேகம் இருந்தது. பெயரும் முகவரியும் சரியாக இல்லாவிட்டால் சாமிக்கு ஆள் தெரியாது என்று சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறாள். அதனால் ஊர், தெரு, வீட்டு எண், தோக்கிதா மிசாவோ, வயது ஐம்பத்தெட்டு என்று தேதி போட்டு எழுதினாள். அதற்கு மேலே:

'எனக்கும் என் மாமியார் கினுவுக்கும் உள்ள பந்தம் இந்த வருடத்துக்குள் அறுந்துபோக வேண்டும்.'

முதியோர் இல்லத்தில் இடம் கிடைக்கும், அல்லது முத்சுமியின் மனம் இளகும் என்றுதான் அவள் நினைத்தாள். சத்தியமாக அதைத்தான் நினைத்தாள். பதினோரு நாள் கழித்து, பத்தொன்பதாம் தேதி காலையில் கஞ்சியோடு போனபோது கினு கண்ணைத் திறக்கவில்லை. கரண்டி போர்வைமேல் கிடந்தது. தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்றார் டாக்டர். சிரமப்படாத சாவு, பாக்கியசாலி என்றார்கள் எல்லோரும். மிசாவோவைப் போல மருமகள் கிடைக்காது என்றும் சொன்னார்கள். ஒவ்வொரு முறை யாராவது அப்படிச் சொல்லும்போதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

சாவதற்கு முதல் நாள் மாலையில் கினு பேரிக்காய் கேட்டிருந்தாள். மிசாவோ அப்போதுதான் கத்தியைக் கழுவி வைத்திருந்தாள். "நாளைக்கு நறுக்கித் தர்றேன்" என்றாள். "நாளைக்கா? அந்தப் பழம் இருக்கும்" என்றாள் கினு. இப்போது பேரிக்காயைத் தினமும் தோல் சீவி, எட்டுத் துண்டாக்கி, கினுவின் படத்தின் முன் வைத்தாள். மாலையில் தெய்ஜி அதை எடுத்துத் தின்றான்.

முப்பத்தைந்தாம் நாள் சாங்கியத்துக்கு முத்சுமி வந்தாள். பிட்சு மந்திரம் ஓதிவிட்டுப் போனதும் போர்வை மூடிய சூட்டு மேஜைக்கடியில் காலை நீட்டி ஆரஞ்சு உரித்தாள். அவளுக்குக் கவலை தன் மகளைப் பற்றி.

"ரிஹோ இன்னும் அந்தப் பயலோடதான் இருக்கா அண்ணி. வேலை வெட்டி கெடையாது. நாள் முழுக்க சூதாட்டக் கடையில உக்காந்திருக்கான். கேட்டா, அவன் கனவு காணறவன்மாங்கிறா. உக்காந்த எடத்துலயே காணறான்."

"வயசு. சரியாயிடும்."

"இருபத்தாறு வயசுல நீங்க மீனே அறுக்க வந்துட்டீங்க. அதான், காஷிரோ கோயிலுக்குப் போயி எழுதிப் போட்டுடலாம்னு இருக்கேன். இப்ப தீட்டு, போகக் கூடாது. அம்பதாம் நாள் ஏழாம் தேதி முடியுது. எட்டாம் தேதி நான் கார் எடுத்துட்டு வர்றேன். நீங்களும் வாங்க. வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்கறீங்க."

மிசாவோ டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது.

"அங்க பலகைங்களப் படிக்கறதே ஒரு சினிமா அண்ணி. போன வருஷம் நான் என் தோள்வலிக்காகப் போனேன்ல, ஒண்ணு விடாமப் படிச்சேன். ஒருத்தி எழுதியிருக்கா, மேனேஜருக்கு மிச்சமிருக்கிற முடியும் கொட்டணும்னு." முத்சுமி சிரித்தாள். படத்திலிருந்த அம்மாவைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "அம்மா இருந்திருந்தா வந்திருப்பா. அவளுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்."

அன்றிலிருந்து மிசாவோ நாட்காட்டியை வேறு மாதிரி பார்த்தாள். எட்டாம் தேதிக்கு முன்னால் பலகையை எடுத்துவிட வேண்டும். எட்டாம் தேதிக்கு முன்னால் தோரிக்குள் போக முடியாது. தீட்டோடு போனால் சாமிக்குச் செய்யும் குற்றம். போகாவிட்டால் முத்சுமி படிப்பாள், ஒண்ணு விடாமல்.

நாற்பத்து நான்காம் நாள், முட்டி டாக்டரைப் பார்க்கப் போவதாகத் தெய்ஜியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். "ம்" என்றான் அவன்.

கோயிலின் கல்தோரி மழையில் கறுத்து நின்றது. அதற்கு இந்தப் பக்கம் தார்ச்சாலை, அந்தப் பக்கம் சரளைக்கல். மிசாவோ சாலையில் நின்றாள். பலகைகள் தொங்கும் சட்டம் அங்கிருந்தே தெரிந்தது, ஐம்பது அடி இருக்கும். தோரியின் அடியில் போகாமல், வண்டிகள் நிறுத்தும் பக்கமாகச் சுற்றிப் போனால் தீட்டு ஒட்டாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவள் அந்தப் பக்கம் நான்கு அடி வைத்தாள். ஒருமுறை ஹிசாயே அப்படிச் சுற்றிப் போனதைக் கேட்டுக் கினு சொன்னது ஞாபகம் வந்தது. "சாமிக்கு என்ன, கண்ணு முன்பக்கம் மட்டுந்தான் இருக்கா? குதிரைக்குக்கூடப் பக்கத்துல இருக்கு." மிசாவோ திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றாள்.

பூசாரியின் மனைவி தோரியடியில் இலைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மழைக்கோட்டும் ரப்பர் பூட்சும் போட்ட குண்டான பெண்.

"உள்ள வாங்களேன். ஏன் நனையறீங்க?"

"வரக் கூடாதுங்க. வீட்ல சாவு. இன்னும் ஆறு நாள் இருக்கு."

"அட, அப்ப சரி." துடைப்பத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். "என்ன வேணும்?"

"நான் எழுதிப் போட்ட பலகை ஒண்ணு. இடது பக்கம், மூணாவது வரிசை. நீங்க எடுத்துக் கொடுத்தீங்கன்னா..."

"பலிச்சதா, இல்ல புருஷன் கண்டுபிடிச்சிட்டானா?"

மிசாவோ குடையைத் தாழ்த்திப் பிடித்தாள்.

"திரும்ப எடுக்க மாசத்துக்கு ஏழெட்டுப் பேர் வர்றாங்க, அதான் கேட்டேன். இந்த ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும். யாரு தவறினது?"

"மாமியார்."

"எழுதினது?"

மழை குடையில் விழுந்துகொண்டிருந்தது. இதுவரை யாரிடமும் சொல்லாததை அவள் ஈரக்கோட்டு போட்ட ஒரு பெண்ணிடம் சாலையில் நின்று சொன்னாள். "அவங்களோட உறவு அறுந்து போகணும்னு. ஆனா நான் நெனச்சது வேறங்க. முதியோர் இல்லம். இல்லன்னா நாத்தனார் வீடு."

"எப்படின்னு எழுதினீங்களா?"

"இல்ல."

"எப்படின்னு எழுதலன்னா சாமி தனக்கு எது சுலபமோ அதத்தான் செய்யும். எங்க வீட்டுக்காரர் மாதிரி." அந்தப் பெண் சிரிக்காமல் சொன்னாள். பிறகு, "உங்க மாமியாருக்கு என்ன வயசு?"

"எண்பத்தேழு."

"அப்ப சாமியே செஞ்சதுன்னும் சொல்ல முடியாது. செய்யலன்னும் சொல்ல முடியாது." மீண்டும் பெருக்க ஆரம்பித்தாள். "தொங்கவிட்டது சாமியோடது. நான் தொடமாட்டேன். ஜனவரி பதினஞ்சுல எல்லாத்தையும் சேத்து எரிப்போம். தீட்டு கழிஞ்சதும் வாங்க. எப்படியானாலும் கேட்டவங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்ல."

மிசாவோ தோரிக்கு வெளியே நின்றபடியே தலைகுனிந்து வணங்கிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். எந்த வார்த்தை என்று கேட்டிருக்கலாம் என்று பஸ்ஸில் தோன்றியது.

எட்டாம் தேதி காலையில் தெய்ஜி முக்காலியில் ஏறி வெள்ளைத்தாளைக் கிழித்தான். மிசாவோ மாடத்தில் தண்ணீரும் அரிசியும் உப்பும் வைத்தாள். தலையை நிமிர்த்திப் பார்க்காமலேயே வைத்தாள். உப்புக் கிண்ணம் சாய்ந்தது.

"கண்ணு தெரியலயா?" என்றான் தெய்ஜி. ஒரு மாதத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி.

முத்சுமி பத்து மணிக்கு வந்தாள். வழியெல்லாம் பேசினாள். ரிஹோவோடு இருக்கும் பயல் இப்போது தாடி வளர்க்கிறானாம். கடலோரச் சாலையில் ஆலங்கட்டி போல ஈரப்பனி கண்ணாடியில் அடித்தது. மிசாவோ மடியில் கைப்பையை வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் பலகை பார்க்க வேண்டும் என்று சொல்லலாம், முறையும் அதுதான். முத்சுமி கும்பிட்டு நிமிர்வதற்குள் போய் அவிழ்த்துவிடலாம். கைப்பையில் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. அதை எதற்கு எடுத்து வைத்தாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தோரியின் முன் இருவரும் தலைகுனிந்தார்கள். தொட்டியில் அகப்பையால் மொண்டு கை கழுவினார்கள், வாய் கொப்பளித்தார்கள். தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது.

"அண்ணி, முதல்ல சினிமா" என்று முத்சுமி சட்டத்தை நோக்கி நடந்தாள். "இங்க பாருங்க. 'என் தங்கை என்னிடம் கடன் கேட்பதை நிறுத்த வேண்டும்.' பாவம், கடைசியில தங்கச்சி நல்லா இருக்கணும்னும் எழுதியிருக்கா. இது என்ன, 'சிகரெட்'. அவ்வளவுதான். ஒரே வார்த்தை." வலது பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

மிசாவோ கைப்பையைத் திறந்தாள். மூடினாள். போன வாரம் தார்ச்சாலையில் நின்று ஒரு தடவை சொன்னபோது உயிர் போய்விடவில்லை.

"முத்சுமி. இடது பக்கம், மூணாவது வரிசையில என்னோடது ஒண்ணு இருக்கு."

"உங்களோடதா? நீங்க எங்க இங்க வந்தீங்க? முட்டிக்காகவா?"

"நீயா பாக்கறதுக்கு முன்னால சொல்லிடணும்னு தோணிச்சு. படி."

முத்சுமி சிரித்துக்கொண்டே போனாள். தேடினாள். கண்டுபிடித்தாள். அவளுடைய உதடுகள் அசைவதை மிசாவோ பின்னாலிருந்து பார்த்தாள். சிரிப்பு அதே இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தது, அதை எடுக்க மறந்துவிட்டதுபோல. பலகை சின்னதுதான். அவள் படிக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"அக்டோபர் எட்டாம் தேதி" என்றாள் கடைசியில். "நீங்க எனக்குப் போன் பண்ணினது ஏழாம் தேதி."

"ஆமா."

"பாய் மாத்தறாங்கன்னு சொன்னேன்."

"ஆமா."

"மாத்தல அண்ணி. பாயெல்லாம் மாத்தவே இல்ல."

சட்டத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முத்சுமி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். திரும்பியபோது அவள் முகத்தில் கோபம் இருந்ததா என்று மிசாவோ தேடினாள். இருந்தது. இரக்கமும் இருந்திருக்கலாம், அதைத் தேட அவளுக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டாள்.

"கேட்டது கெடச்சா வந்து சொல்லணும்" என்றாள் முத்சுமி. "போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் இங்க இருக்கேன்."

மிசாவோ படிகளில் ஏறினாள். முட்டிகள் வலித்தன. உண்டியலில் காசைப் போட்டாள், கயிற்றைப் பிடித்து மணியை ஆட்டினாள். இரண்டு முறை குனிந்து வணங்கினாள். கைகளை மார்புக்கு நேரே உயர்த்தித் தட்டினாள். ஒன்று. இரண்டு.

முறைப்படி இரண்டு தட்டோடு நிறுத்தி, கைகளைக் கூப்பி வேண்டிக்கொள்ள வேண்டும். அவள் வேண்டிக்கொள்ளவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டபடி நின்றாள்.

ஷிமோஹாமா, கடலோரத் தெரு, நாலாம் எண் வீடு, தோக்கிதா மிசாவோ, என்று மனத்துக்குள் ஆரம்பித்தாள். அவங்க போன அன்னிக்கு விடியறதுக்கு முன்னால கம்பியில தட்டற சத்தம் கேட்டுது. முழிச்சுதான் இருந்தேன். ரெண்டு தட்டு. மூணாவது தட்டினா எழுந்திரிக்கலாம்னு போர்வைக்குள்ள படுத்திருந்தேன். முட்டி வலி. மூணாவது வரல. தூங்கிட்டாங்க போலன்னு நெனச்சேன். அப்பாடான்னு நெனச்சேன். திரும்பித் தூங்கிட்டேன். நல்லாத் தூங்கினேன்.

அவ்வளவுதான் சொல்ல இருந்தது. நன்றி என்ற வார்த்தையும் மன்னிப்பு என்ற வார்த்தையும் வரவில்லை. பின்னால் யாரோ வரிசையில் நின்று இருமினார்கள். மிசாவோ கடைசியாக ஒரு முறை குனிந்துவிட்டு இறங்கினாள்.

முத்சுமி எழுதி முடித்திருந்தாள். ரிஹோவின் பெயர் வெளியே தெரியாதபடி வெள்ளை ஒட்டுத்தாளை ஒட்டியிருந்தாள். அந்தப் பலகையை அவள் மிசாவோவின் பலகை தொங்கிய அதே ஆணியில், அதன்மேலேயே தொங்கவிட்டிருந்தாள். கீழே இருப்பதில் ஓர் எழுத்துகூட வெளியே தெரியவில்லை. பக்கத்தில் நாலைந்து ஆணிகள் காலியாக இருந்தன.

மிசாவோ முத்சுமியின் பலகையைக் கழற்றிப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். தன்னுடையது நேராக இருக்கிறதா என்று ஒரு விரலால் சரிசெய்தாள். மழையில் மை கொஞ்சம் கசிந்திருந்தது. பெயரும் முகவரியும் நன்றாகப் படிக்க முடிந்தது.

"மறைக்கணும்னுதான் அங்க போட்டேன்" என்றாள் முத்சுமி.

"தெரியும்."

"வர்றவங்கல்லாம் படிப்பாங்க அண்ணி."

"ஜனவரி பதினஞ்சுல எரிச்சிடுவாங்க" என்றாள் மிசாவோ. "அதுவரைக்கும் தொங்கட்டும்."